பூண்டு உடைத்த வியாபாரம்

இனி மன்னவனூரிலிருந்து ஒரு பல் பூண்டுகூட எழுத்தில்லாமல் மலை இறங்காது என்று வத்தலக்குண்டு அச்சகத்தில் நின்று ஞானவேல் முடிவு செய்தார். அதே நேரத்தில் மேலே பூண்டுக் காட்டில் அவருடைய மனைவி மகாதேவி ஒரு பல் பச்சைப் பூண்டை மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அது அவருக்கு அப்போது தெரியாது.

ஞானவேல் லேசுப்பட்ட ஆள் இல்லை. மன்னவனூருக்கு இரண்டாவது பஸ் கேட்டு மறியல் செய்தவர். பஸ் வந்த அன்று கழுத்தில் மாலை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். கூலி உயர்வுக்காகப் பட்டினி கிடந்தவரும் அவர்தான். பட்டினியை முடித்துவைக்க எலுமிச்சைச் சாறு நீட்டியவர் இன்று கார் வைத்திருக்கிறார். கிடந்தவருக்கு வாயுத் தொல்லைதான் மிச்சம். போராட்டம் என்பது கல்யாணப் பந்தி மாதிரி. இலை போடுகிறவன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான். அப்போது ரசம்கூட இருக்காது.

அத்தனை போராட்டத்துக்கும் சாட்சியாக வீட்டுத் தகரக் கூரைமேல் ஒரு மைக்செட் குழாய் இருந்தது. வெள்ளனே எழுந்து அதில் அவர் நாட்டு நடப்பு பேசுவார். அவர் பேச்சுக்கு ஊர் எழுந்ததோ இல்லையோ, ஆட்டுப் பண்ணையில் செம்மறிகள் எழுந்து நின்றுவிடும். இந்த மாதிரிக் குழாய் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஆகவே அதைக் கழற்றாமல் இருப்பது அவருடைய கொள்கைகளில் ஒன்றாகிவிட்டது.

சட்டமும் அவருக்குத் தெரியும். துண்டறிக்கை படித்துக் கற்ற சட்டம். நில உரிமை பற்றிய ஓர் அறிக்கையில், நிலம் விற்றால் எழுத்தும் பதிவும் கட்டாயம் என்று கண்டிருந்தது. நிலத்துக்கு உண்டு என்றால் நிலத்தில் விளைவதற்கும் உண்டு என்று மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். அறிக்கையின் மறுபக்கத்தை அவர் படிக்கவில்லை. அதில் யாரோ வடை மடித்துவிட்டார்கள்.

இப்படித்தான் "எழுத்தில்லா வியாபாரம் ஏமாளி வியாபாரம்" என்ற நோட்டீஸ் பிறந்தது. நோட்டீஸ் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். மகாதேவி அடுப்படியில் இருந்தாள். ஞானவேல் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"வாயைத் தெற புள்ள."

"எதுக்கு?"

"தெறன்னா தெற."

"கல்யாணமான நாள்ல இருந்து மூடு மூடுன்னுதான் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு என்ன வந்துச்சு?"

சொன்ன மூச்சிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. பச்சைப் பூண்டு. சாம்பாரில் போட்ட பூண்டு வேறு, வியாபாரத்தில் மென்ற பூண்டு வேறு. அந்த மலையில் கைக்குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

மேல்மலையில் வியாபாரம் முடிவதே அப்படித்தான். விற்கிறவரும் வாங்குகிறவரும் காட்டில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்குவார்கள். பூண்டை இரண்டாக உடைப்பார்கள். ஆளுக்கு ஒரு பல், அந்த இடத்திலேயே, தண்ணீர் குடிக்காமல் மெல்ல வேண்டும். யார் கண்ணில் முதலில் நீர் வருகிறதோ அவர் ஏமாந்தவர் என்று சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. பூண்டு மட்டும் இல்லை. ஆடு, கட்டில், கேரட் மூட்டை, எது விற்றாலும் பூண்டை உடைத்துத்தான் விற்பார்கள். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை மாற்றினாலும் மாற்றுவார்கள், உடைத்த பூண்டை மாற்றமாட்டார்கள். சாமி பொறுத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"யார் கூட ஒடச்ச?"

"சிவபாக்கியம் கூட."

"எதை?"

"நம்ம காட்டுப் பூண்டு மொத்தத்தையும். வெள்ளிக்கெழம புடுங்கப் போறோம். நீங்களும் வந்து ஒரு கை புடிங்க."

ஞானவேல் நோட்டீஸ் கட்டைக் கீழே போட்டார். போட்ட வேகத்தில் அடுப்பே ஒருமுறை அணைந்து எரிந்தது.

"வெள்ளிக்கெழம சாவடியில என்ன நடக்கப் போகுதுன்னு தெரியுமா உனக்கு? கம்பெனிக்காரத் தம்பி முகேஷ் வர்றான். இந்த ஊர்லயே மொத மொதலா எழுத்து மூலம் ஒரு ஒப்பந்தம். நான் கையெழுத்துப் போடுறேன். ஊரே பாக்கப் போகுது. எதை விக்கிறேன்னு அதுல எழுதியிருக்கு? நம்ம பூண்டு."

"நம்ம பூண்டை விக்கிறதா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நோட்டீஸ்ல போட்டிருக்கேன்ல."

"அந்தக் கம்பெனித் தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு."

"என்னன்னு கேட்டேன்."

"எழுதியிருக்குங்கறதுதான் புள்ள விஷயம். என்ன எழுதியிருக்குங்கறது அப்புறம்."

"நான் சிவபாக்கியத்துக்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்கா? எழுத்து இருக்கா?"

"பூண்டை ஒடச்சாச்சு."

"எழுத்து இருக்கான்னு கேட்டேன். இல்லைல்ல? அப்ப செல்லாது. சோலி முடிஞ்சது."

மகாதேவி கரண்டியை வைத்தாள். சிவபாக்கியம் நாயுடுபுரத்துக்காரி. அவள் அப்பா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். சின்னக் கடை வைத்துப் பூண்டு விற்கிறாள். முன்பு ஒரு வருஷம் விடாத மழை. பாதிப் பூண்டு மண்ணிலேயே அழுகிவிட்டது. கீழேயிருந்து வந்த வியாபாரிகள் எல்லாரும் சாலை சரியில்லை, சகுனம் சரியில்லை என்று கம்பி நீட்டினார்கள். சிவபாக்கியம் மட்டும் சாலை சரிந்த இடம் வரை நடந்தே வந்து, பேசினதைப் பேசினபடி எடுத்துக்கொண்டு போனாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் இந்த மனிதர் ஒரு நோட்டீஸை வைத்துத் துடைக்கப் பார்க்கிறார்.

"நாளைக்கு வக்கீலைப் பாத்துக் கேட்ருவோம்" என்றாள்.

"கேளு. சட்டம்னா எனக்கு என்ன பயமா?"

மறுநாள் இரண்டு பேரும் கொடைக்கானல் போனார்கள். வக்கீல் ஜெயமுருகனுக்கு நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை. ஞானவேலை ஜாமீனில் எடுத்து எடுத்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது. கீழே பன் வேகிற வாசனையில் சட்டம் கேட்பது ஞானவேலுக்கு எப்போதும் பசியைக் கிளப்பும்.

"நிலம்னா எழுத்து வேணும், பதிவு வேணும். பூண்டு சரக்குங்கண்ணே" என்றார் ஜெயமுருகன். "சரக்கை விக்க வாய்ப்பேச்சே போதும். ஒருத்தர் விக்கிறேங்கணும், ஒருத்தர் வாங்கிக்கிறேங்கணும், வெலை பேசியிருக்கணும். ஒப்பந்தம் ஆச்சு. எழுதினா நிரூபிக்க லேசு. எழுதலேங்கறதுக்காகச் செல்லாமப் போகாது."

ஞானவேல் விடவில்லை. "பூண்டு எங்க கெடக்கு? மண்ணுக்குள்ள. மண்ணுக்குள்ள இருக்கறது நிலத்தோட சேந்ததுதானே?"

"புடுங்கித் தர்றதாத்தானே பேசினாங்க? அப்படிப் பேசினா நிக்கிற வெள்ளாமையும் சரக்குதான். சட்டத்துலயே இருக்கு."

"எந்தச் சட்டம்?"

"சரக்கு விற்பனைச் சட்டம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பது."

ஞானவேல் முகத்தில் வெளிச்சம் வந்தது. "வெள்ளைக்காரன் போட்டது."

"ஆமா."

"வெள்ளைக்காரன் சட்டத்தை நான் ஏத்துக்கறதில்ல. தெருவுல போட்டு எரிச்சவன் நானு."

"அண்ணே, நீங்க எரிச்சது பஸ் கட்டண அறிவிப்பு. நான்தான ஜாமீன் எடுத்தேன்."

மகாதேவி பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜெயமுருகன் கண்ணாடியைப் போட்டார், பக்கம் பக்கமாகத் திருப்பினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க வேற யாருக்கும் ஒரு கிலோகூட விக்கக் கூடாது. அவங்க தரம் சரியில்லேன்னு சொல்லி எப்ப வேணும்னாலும் வேணாங்கலாம். வழக்குப் போடணும்னா கம்பெனி இருக்கற ஊருக்குப் போகணும். இதுக்கு எழுதாமலே இருந்திருக்கலாமேண்ணே."

"எழுத்து மக்களோட ஆயுதம்" என்றார் ஞானவேல்.

"சரிதான். பிடி கம்பெனி கையில இருக்கு."

ஞானவேல் எழுந்துவிட்டார். வக்கீல்கள் வர்க்கமே இப்படித்தான் என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பேக்கரியில் ஒரு பன் தின்றபோதும் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ் பூம்பாறை தாண்டியது. மகாதேவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றாள்.

மகாதேவி சண்டை போட்டால் பயமில்லை. ஒத்துக்கொண்டால்தான் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் இதை அறிந்திருக்கலாம். ஆனால் தோற்றே பழகியவனுக்கு வெற்றியின் வாசனை பூண்டை விடத் தூக்கலாக இருக்கும். மூக்கு வேலை செய்யாது.

"எழுத்து இல்லாட்டி வியாபாரம் இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ஊருக்கெல்லாம் ஒரே சட்டம்?"

"ஒரே சட்டம்."

"நமக்கும்?"

"நமக்குத்தான் மொதல்ல. தலைவன் வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

"அப்ப வெள்ளிக்கெழம காலையில மைக்ல தெளிவாச் சொல்லிருங்க. இனிமேப்பட்ட வியாபாரத்துக்கு மட்டும்னு சொன்னீங்கன்னா, பொண்டாட்டி பூண்டுக்காகப் பேசுறான்னு சிரிப்பானுக. பழசு புதுசு எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லுங்க. அப்பத்தான் கொள்கை மாதிரி இருக்கும்."

ஞானவேல் அவளைப் பெருமையோடு பார்த்தார். இத்தனை வருஷம் தன்னோடு இருந்ததில் இவளுக்கும் கொஞ்சம் அரசியல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பனி இன்னும் உருளைக்கிழங்குக் காட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. குழாய் எழுந்துவிட்டது.

"மன்னவனூர் வாழ் உழைக்கும் மக்களே. இன்று முதல் இந்த ஊரில் எழுத்தில்லாத வியாபாரம் செல்லாது. நேற்று நடந்திருந்தாலும் செல்லாது. பத்து வருடத்துக்கு முன்னால் நடந்திருந்தாலும் செல்லாது. எவன் வீட்டில் நடந்திருந்தாலும், என் வீட்டில் நடந்திருந்தாலும் செல்லாது. பூண்டை உடைத்தேன், பல்லைக் கடித்தேன் என்று இனி எவரும் ஏமாற வேண்டாம்."

அவர் மைக்கை வைத்துவிட்டுக் காப்பியை ஒரு வாய் குடிப்பதற்குள் சின்னக்கருப்பன் வந்தான். கையில் கயிறு.

"என்னடா வெள்ளனே?"

"ஆட்டை ஓட்டிட்டுப் போக வந்தேண்ணே."

"எந்த ஆட்டை?"

"போன தையில உங்களுக்கு வித்தேனே, ரெண்டு வெள்ளாடு."

"வித்துட்டேல்ல?"

"வித்தேன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் மைக்ல சொன்னீங்க. எழுத்து இருக்காண்ணே?"

பதிலை ஆடுகள்தான் சொல்லின. கத்திக்கொண்டே போயின.

அடுத்து ஒருவர் வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் ரொம்ப மரியாதையாக, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே" என்று அவர் போர்த்தியிருந்த கம்பளியை உருவினார். குஞ்சம்மாள் வந்து அடுப்பில் இருந்த பித்தளைச் சட்டியைப் பார்த்தாள். "அவசரமில்ல. சோறு வடிச்சப்பொறவு எடுத்துக்கிறேன்" என்று பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் நீதான் தூண்டிவிட்டியா?" என்றார் ஞானவேல், நடுங்கிக்கொண்டே.

"நான் யாருங்க தூண்டிவிட? நீங்க பேசினா ஊரு கேக்காதுன்னு இத்தன நாளு கவலப்பட்டீங்க. இன்னிக்குக் கேட்டிருச்சு."

"இருக்கட்டும். கொள்கைக்காகக் குளிர் தாங்குவேன். ஜெயில்ல தரையில படுத்தவன் நான். கட்டில் போனா என்ன?"

அதைச் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஏணி தெரிந்தது. கூரையில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணிமேல் மகாதேவியின் அண்ணன் வேல்ராஜ். கல்யாணம், காதுகுத்துக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். வாயில் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"மச்சான். எறங்கு."

வேல்ராஜ் ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்தான். "என்ன மாப்ள?"

"அது எங்கிட்ட வித்த கொழாய்."

"வித்தேனா? எழுத்து இருக்கா?"

ஆடு போனபோது ஞானவேல் விட்டுவிட்டார். கட்டில் போனபோது கொள்கை பேசினார். குழாய் என்றதும் ஓடிப்போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கான மாலையும் கூலிக்கான கைத்தட்டலும் வேறு யாருக்கோ போயின. அந்தக் குழாய் ஒன்றுதான் அவர் பெயரை ஊருக்குச் சொன்னது. அது போனால் அவர் வெறும் மகாதேவி வீட்டுக்காரர்.

மகாதேவி பக்கத்தில் வந்து நின்றாள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நீயே சொல்லு."

"வாய்ப்பேச்சு செல்லும்னா கொழாய் நம்ம வீட்டுலயே கெடக்கும்."

"பூண்டு?"

"பூண்டு சிவபாக்கியத்துக்குப் போகும்."

"செல்லாதுன்னா?"

"பூண்டை நீங்க கம்பெனிக்கு விக்கலாம். விக்கிறதை ஊருக்குச் சொல்லக் கொழாய் இருக்காது. வாயாலதான் கத்தணும்."

"பூண்டுக்குச் செல்லாது, கொழாய்க்குச் செல்லும்னு வச்சுக்கிட்டா?"

"ஊருக்கெல்லாம் ஒரே சட்டம்னீங்களே."

"அப்படிப் பாத்தா நம்ம கல்யாணத்துக்கும்தான் எழுத்து இல்ல" என்றார் கடைசி ஆயுதமாக.

"அதையும் யோசிச்சேங்க. எங்கண்ணன் கொழாயைத்தான் திரும்பக் கேட்டாரு. என்னைக் கேக்கல."

"சீக்கிரம் சொல்லுங்க மாப்ள, கால் வலிக்குது" என்றான் வேல்ராஜ் மேலேயிருந்து.

சாவடியில் முகேஷ் மேசை போட்டு, துணி விரித்து, பேனாவைக் கழற்றி வைத்துக் காத்திருந்தான். குழாய் மறுபடி கரகரத்தது.

"தோழர்களே. சற்று முன் அறிவித்தது ஒரு சோதனை. மக்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்று பார்க்க நடத்தப்பட்டது. அந்தச் சோதனையில் மக்கள் வென்றுவிட்டார்கள். ஏழையின் நாக்குத்தான் ஏழையின் பத்திரம். பேசின பேச்சு செல்லும். உடைத்த பூண்டு செல்லும். யார் யாரோடு உடைத்தார்களோ, அவரவர் சரக்கு அவரவருக்கே. இது பின்வாங்கல் அல்ல. ஆட்டையும் கட்டிலையும் கம்பளியையும் உடனே கொண்டுவந்து சேர்க்கவும். முதலில் கம்பளி."

முகேஷ் பேனாவை மூடினான். கீழே போகிற பஸ் சாவடி வாசலிலேயே நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டான், வேலை மிச்சம்.

அதே பஸ்ஸில்தான் சிவபாக்கியம் சாக்குகளோடு வந்து இறங்கியிருந்தாள். ஞானவேலைப் பார்த்ததும் கும்பிட்டாள். "எல்லாம் கேட்டேன் அண்ணே. நல்லாக் கதைச்சீங்க. தேத்தண்ணி குடிச்சீங்களா?" அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. காட்டில் பெண்கள் இறங்கிவிட்டார்கள். கம்பளி வந்தது. கட்டில் வந்தது. ஆடுகள் மட்டும் வர மனமில்லாமல் வந்தன.

பூண்டு போனால் போகிறது, குழாய் தப்பித்தது என்று ஞானவேல் தேறிக்கொண்டார். ஒப்பந்தம் போட்டால் ஒருநாள் பேச்சு. குழாய் இருந்தால் தினமும் பேச்சு. கணக்குப் பார்த்தால் இதுவும் வெற்றிதான். அடுத்த போராட்டத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

ஏணி இன்னும் அங்கேயே இருந்தது. வேல்ராஜ் இன்னும் மேலேயே இருந்தான். குழாய் பாதி கழன்றிருந்தது.

"மச்சான், அதான் சொல்லியாச்சே. இன்னும் என்னத்த அவுக்குற?"

"தங்கச்சி எறக்கி வைக்கச் சொல்லுச்சு மாப்ள."

"அவ யாரு எறக்கச் சொல்ல? எனக்குத்தானே வித்த நீ?"

வேல்ராஜ் கழற்றுவதை நிறுத்தி, நிதானமாக விளக்கினான். "உங்களுக்கு எங்க வித்தேன்? நீங்க அப்ப மதுரை ஜெயில்ல இருந்தீங்க. எங்கூடப் பூண்டை ஒடச்சு மென்னது தங்கச்சி. கண்ணுல தண்ணிகூட வரலை அதுக்கு, எனக்குத்தான் வந்துச்சு. மாப்ளைக்கான்னு கேட்டேன். இல்ல, எனக்குன்னுச்சு. யார் ஒடச்சாங்களோ அவங்க சரக்குன்னு இப்பத்தான நீங்களே மைக்ல சொன்னீங்க. ஊரே கேட்டுச்சு."

குழாய் இறங்கியது. ஞானவேலின் கை தானாக நீண்டது. வேல்ராஜ் அதைத் தாண்டிப் போய் வீட்டுக்குள்ளே பரண்மேல் வைத்துவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

ஞானவேல் காட்டுக்குப் போனார். மகாதேவி வரிசையில் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு செடி பிடுங்கினார். மண்ணை உதறினார். மூன்றாவது செடியில் பேச்சைத் தொடங்கினார்.

"ஏ புள்ள."

"சொல்லுங்க."

"அந்தக் கொழாயை."

"ம்."

"தெனமும் கேக்கல. வாரத்துல ஒரு நாள். அதுவும் விடிஞ்சப்பொறவு. சத்தத்தைக் கொறச்சு வச்சுக்கிறேன். தர்றேன்னு ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துரு, போதும்."

மகாதேவி பிடுங்கிய பூண்டைக் கூடையில் போட்டாள்.

"அதுக்கு எதுக்குங்க எழுத்து? வாயாலயே சொல்லிர்றேன். தர மாட்டேன்."